அம்மா பேசிய படம்

எங்கள் வீட்டைப் படம் எடுத்தவர்கள் மேல் எனக்கு இருக்கும் கோபம் இந்த வயதிலும் ஆறவில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. எல்லாருக்கும் சாயா வாங்கிக் கொடுத்தார்கள். எனக்கு ஒரு பிஸ்கட் பொட்டலம் தந்தார்கள். போகும்போது கும்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். ஆனால் ஒரு பொம்பளை வாய் திறந்து பேசுவதை அருகில் நின்று படம் பிடித்துவிட்டு, அவள் என்ன பேசினாள் என்று ஒரு வார்த்தை கேட்காமல் ஜீப்பில் ஏறிப் போனவர்களைப் பற்றி நல்லதாக எழுத எனக்கு மனசு வரவில்லை.

அறுபதுகளின் தொடக்கம். மலையாளக் கரையோரம், மட்டாஞ்சேரியில் ஒரு சந்துக்குள் வரிசை வீட்டில் இருந்தோம். வீடு என்று சொல்வது மரியாதைக்கு. ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் அடுத்தடுத்து ஒற்றை அறைகள். எங்கள் அறைக்குப் பக்கத்து அறையில் பெரியம்மாவும் பெரியப்பாவும் இருந்தார்கள். பெரியம்மா என் அம்மாவின் சொந்த அக்கா. பஜார் ரோட்டில் சேட்டுகளின் சரக்குக் கிட்டங்கிகளைப் பாண்டிகசாலை என்பார்கள். அதில் ஒன்றில் அம்மாவும் பெரியம்மாவும் சுக்கு தரம் பிரிக்கிற வேலைக்குப் போனார்கள். அப்பாவும் அங்கேதான் மூட்டை தூக்கினார். சேட்டுக்கு பம்பாயிலும் ஒரு கிட்டங்கி இருந்தது. அங்கே நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று அப்பாவைக் கேட்டார்கள். ஆடி மாசத்துக்குள் திரும்பி வந்துவிடுவேன் என்று சொல்லி அப்பா ரயில் ஏறினார். ஆடி போனது. அடுத்த ஆடியும் போனது. முதலில் கொஞ்சம் கடிதம் வந்தது. பிறகு அதுவும் இல்லை.

அப்பா போனதிலிருந்து அம்மா பேச்சைக் குறைத்துக்கொண்டாள். குறைத்துக்கொண்டாள் என்பதுகூடச் சரியில்லை. நிறுத்திவிட்டாள். சாயங்காலம் சுக்குத் தூசியோடு வருவாள். "சாப்பிட்டியா", "கை கழுவு", "படு." அவ்வளவுதான் எனக்குக் கிடைக்கும். பள்ளிக்கூடத்தில் எனக்கு 'பாண்டி' என்று பெயர் வைத்திருந்தார்கள். தமிழ் பேசுகிறவர்களை அங்கே அப்படிச் சொல்லிக் கேலி செய்வார்கள். அதனால் அங்கேயும் நான் யாரோடும் பேசுவதில்லை. பள்ளி விட்டதும் பாவாடை நாடாவில் முடிந்த சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்து, அறைக்குள் தனியாக உட்கார்ந்திருப்பேன். வெளிச்சம் சுவரில் ஏறிக் கூரைக்குப் போய் மறைந்தால் அம்மா வருகிற நேரம். கடிகாரம் இல்லாத வீட்டில் அதுதான் கணக்கு.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருக்கு சினிமாப் பைத்தியம். வீட்டில் அரிசி இல்லாத நாளிலும் அவருக்கு மாட்டினி உண்டு. அந்தக் காலத்தில் எந்த டாக்கீசிலும் மெயின் படத்துக்கு முன்னால் சர்க்கார் எடுத்த துண்டுப்படம் ஒன்றைப் போட்டே ஆக வேண்டும். அணைக்கட்டு, வெள்ளம், நாடா வெட்டுகிற மந்திரி. இல்லாவிட்டால் நம் நாட்டில் இன்ன ஊரில் இன்ன மக்கள் எப்படிச் சந்தோஷமாக வாழ்கிறார்கள் என்று ஒரு படம். அது முடிகிற வரைக்கும் ஆண்கள் பாதிப் பேர் வெளியே நின்று பீடி குடிப்பார்கள். மணி அடித்ததும் அணைத்துவிட்டு உள்ளே ஓடுவார்கள்.

எங்கள் சந்துக்கு வந்தவர்கள் அந்த மாதிரித் துண்டுப்படம் எடுக்கிறவர்கள்தான். பம்பாயிலிருந்து வந்திருந்தார்கள். மட்டாஞ்சேரியில் ஒரு கூப்பிடு தூரத்துக்குள் எத்தனை பாஷை பேசுகிறவர்கள் எவ்வளவு ஒற்றுமையாக இருக்கிறார்கள் என்று காட்ட வேண்டுமாம். குஜராத்திகளை எடுத்தார்கள். கொங்கணிகளை எடுத்தார்கள். யூதத் தெருவில் ஜன்னலோரம் ஒரு வயசான அம்மாளை உட்கார வைத்து எடுத்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு, இங்கே தமிழர்களும் உண்டு என்று யாரோ ஞாபகப்படுத்தியிருக்கிறார்கள். குழம்பில் உப்பு போட மறந்தவர்கள் மாதிரி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடி வந்தார்கள்.

தொப்பி வைத்த ஒருவர்தான் பெரியவர். இன்னொருவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தார். இருவருக்கும் ஹிந்தி மட்டும்தான். பேச்சு மாற்றிச் சொல்லக் கலூரிலிருந்து ஒருவரைக் கூட்டி வந்திருந்தார்கள். அவருக்கு ஹிந்தி, மலையாளம், சினிமா பார்த்துக் கற்ற தமிழ்.

பெரியம்மா கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டி, தலை நிறைய பிச்சிப்பூ வைத்து வாசலில் நின்றாள். தொப்பிக்காரர் அவளைத் தாண்டி எங்கள் கதவைப் பார்த்தார். அம்மா சாம்பல் போட்டுப் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அவளைக் கையால் காட்டினார்.

"அவளுக்குப் பேச வராது சார்," என்றாள் பெரியம்மா. "நான் வாரேன். எனக்கு நல்லா வரும்."

"பட்டுசாரி வேண்டாமாம் சேச்சி," என்றார் கலூர்க்காரர். "சாதாரணமா வேணுமாம்."

"எங்க வீட்ல இதுதான் சாதாரணம்," என்றாள் பெரியம்மா. சந்து முழுக்கச் சிரித்தது. ஆனால் அவர்கள் கேட்கவில்லை.

அம்மாவை வாசற்படியில் உட்கார வைத்து, என்னை அவள் மடிக்கு முன்னால் உட்கார வைத்து, கையில் சீப்பைக் கொடுத்தார்கள். தலை வாரிவிட்டபடி மகளோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். அம்மா தலை வாரினாள். பேசவில்லை. கேமராவையே பார்த்தாள். அதைப் பார்க்காதே என்றார்கள். தரையைப் பார்த்தாள். தொப்பிக்காரருக்குச் சலிப்பு வந்துவிட்டது.

கலூர்க்காரர் குந்தி உட்கார்ந்து, பேய்க்குப் பயந்த குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "என்ன வேணும்னாலும் பேசு சேச்சி. இது எங்கெல்லாம் ஓடும் தெரியுமோ? டில்லியில ஓடும், கல்கத்தாவுல ஓடும், மதறாஸ், பம்பாய், எல்லாத் தியேட்டர்லயும் போட்டே ஆகணும். சட்டம்."

"பம்பாய்லயுமா?" என்றாள் அம்மா.

"பம்பாய்ல இல்லாமயா? பம்பாய்லதான் முதல்ல."

அம்மா சீப்பை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். முகம் கழுவி, பொட்டு வைத்து, பெட்டியிலிருந்து எடுத்த நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். அப்பா எடுத்துக் கொடுத்த புடவை. தொப்பிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். பழைய புடவையையே கட்டச் சொன்னார்கள். அம்மா மறுபடி உள்ளே போய், சுக்குத் தூசி படிந்த புடவையோடு வந்து உட்கார்ந்தாள். இதை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. ஒருத்தி தனக்குப் பிடித்த புடவையைக் கட்டிக்கொண்டு படத்தில் வந்தால் உங்கள் சாதாரண மக்களுக்கு என்ன குறைந்துவிடும்?

வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் நிழல் விழ நின்றது. அதை விரட்டிச் சந்து முனையில் நிறுத்திவைக்கக் கலூர்க்காரரை அனுப்பினார்கள். கோபத்தில் இருந்த பெரியம்மாவும் அந்தக் கூட்டத்தோடு போனாள். இப்போது வாசலில் அம்மா, நான், தமிழில் ஒரு எழுத்தும் தெரியாத இரண்டு ஆண்கள். அம்மா சுற்றிப் பார்த்தாள். அப்புறம் பேசினாள்.

என்னிடம் இல்லை. என் தலைக்கு மேலே, அந்தப் பெட்டியின் ஓரத்தைப் பார்த்துப் பேசினாள். என் முடியை இழுத்து இழுத்து வாரியபடியே பேசினாள்.

"ஏங்க, நான்தான். தெரியுதா? புள்ளைக்கு முன்பல்லு ரெண்டும் விழுந்திருச்சு. சிரிக்கச் சொன்னா வாயப் பொத்திக்கிடுதா. மழைக்கு ஓடு உடைஞ்சு ஒழுகிச்சு, அத்தான் ஏறி மாத்திக் குடுத்தாரு. அரிசிப் பானைய மட்டும் நகத்தி வச்சேன். ஆடிக்கு வாரேன்னு சொன்னீங்க. புள்ளை பொறக்கையில பக்கத்துல இருப்பேன்னு சொன்னீங்க. அது போயிருச்சுங்க. மூணாம் மாசமே போயிருச்சு. பாண்டிகசாலையில வச்சுத்தான். யாருக்கும் சொல்லல. அக்காவுக்குக்கூடத் தெரியாது. சாக்கு தூக்குனதாலயான்னு எனக்குத் தெரியல. நீங்க கோவிச்சுக்கிடாதீங்க. புள்ளை இல்லன்னு வராம இருக்காதீங்க. சும்மா வந்து ஒரு சாயா குடிச்சிட்டுப் போங்க."

அம்மா ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. தொப்பிக்காரருக்கு ஒரே சந்தோஷம். இரண்டு கையையும் ஆட்டி இன்னும், இன்னும் என்றார். அவருக்கு வாய் அசைந்தால் போதும். அம்மா பேசி முடித்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவர்கள் எனக்குப் பிஸ்கட் கொடுத்தார்கள்.

அதை ஏன் கடிதத்தில் எழுதவில்லை என்று கேட்கலாம். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. கடிதம் என்றால் பெரியப்பாதான் எழுத வேண்டும். பெரியப்பா நல்லவர்தான். ஆனால் கர்ப்பம் கலைந்ததை அவர் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்தி எப்படிச் சொல்வாள்? அக்காவிடம் சொன்னால், வயிற்றில் பிள்ளையோடு சாக்குத் தூக்கினாயா என்று கேட்பாள். அந்தக் கேள்வியை அம்மா தனக்குள் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்தாள். படப்பெட்டி கேள்வி கேட்காது. பம்பாய்க்குப் போகும். அவ்வளவுதான் அவள் யோசித்தது.

எனக்கு இதெல்லாம் விளங்கவில்லை. எது போயிற்று என்று நான் கேட்கவும் இல்லை. பெரியவர்களுக்கு எப்போதும் ஏதாவது போய்க்கொண்டேதான் இருந்தது. வேலை போகும், குழாயில் தண்ணீர் போகும், செருப்பு போகும். எனக்கு விளங்கியது ஒன்றுதான். அப்பா எந்தப் படத்தையும் விடமாட்டார். அம்மா கூப்பிட்டதைக் கேட்பார். வந்துவிடுவார்.

மறுநாளே பள்ளி விட்டு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பேச்சைச் சொல்லிப் பார்த்தேன். ஒரு வார்த்தை விடாமல் வந்தது. தினமும் சொன்னேன். சொல்ல ஆள் இல்லாத வீட்டில் அது எனக்குப் பெரிய துணையாக இருந்தது. அம்மா மாதிரி சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு அப்பா மாதிரி பதில் சொல்வேன். அப்பாவுக்கு ஒரே பதில்தான். "சரி சரி, அடுத்த ரயில்ல வாரேன்."

அப்பா வரவில்லை. அந்த வருஷமும் வரவில்லை, பிறகும் வரவில்லை. படிக்கிறவர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

படக்காரர்கள் போன சில நாளில் பெரியம்மா எங்கள் அறையில் வந்து சாப்பிட உட்கார்ந்தாள். பட்டுப்புடவைக் கோபம் ஆறியிருந்தது. "நீ பெருமழை மாதிரி பேசினியாம்லா. அந்தக் கலூர்க்காரன் சொன்னான், தொப்பிக்காரத் துரை ரொம்பப் புகழ்ந்தாராம்," என்றாள். "நல்லது. இந்த ஊருக்காரனுவளும் நம்ம தமிழைக் கொஞ்சம் கேக்கட்டும்."

"இந்த ஊருலயா?" என்றாள் அம்மா.

"பின்னே? நம்மள எடுத்துட்டு நமக்குக் காட்டாம இருப்பானா? நம்ம டாக்கீசுக்கும் வரும்."

அம்மா கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. அவள் அதைக் கடிதம் மாதிரி நினைத்திருந்தாள். அனுப்பியவருக்கும் பிரிப்பவருக்கும் நடுவில் யாரும் இல்லை என்று நினைத்திருந்தாள். மட்டாஞ்சேரியில் தமிழ் தெரியாதவர்கள் யார்? சுக்குப் பிரிக்கிற பெண்களுக்குத் தெரியும். மூட்டை தூக்குகிறவர்களுக்குத் தெரியும். மரக்கடை ராவுத்தர்கள் வீட்டில் பேசுவதே தமிழ். இத்தனை பேர் நடுவே, டாக்கீஸ் சுவர் அளவு பெரிய முகத்தோடு, 'அக்காவுக்குக்கூடத் தெரியாது' என்று அவள் சொல்லப்போகிறாள். பக்கத்தில் அக்கா உட்கார்ந்திருப்பாள்.

அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. நான் அதை அப்பா வரப்போகிற பரபரப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

ஒருநாள் மழையால் சீக்கிரம் வேலை விட்டு அவள் வந்தபோது நான் உள்ளே உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு நின்றாள். குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அடிப்பாள் என்று நினைத்தேன்.

"இதை யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல. சுவத்துக்கிட்டதான்."

"இனிமே சொல்லாத."

"ஏன்?"

"சொல்லாதன்னா சொல்லாத." குடையை மடக்கி மூலையில் வைத்தாள். அதற்குப் பிறகு அவள் வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டும், மெதுவாகச் சொன்னேன்.

மழைக்காலம் முடிகிற நேரத்தில் படம் வந்தது. குழாயடியில் தண்ணீர் பிடிக்க நின்றபோது மீன் விற்கிற வீட்டுப் பையன் ஒருத்தன் அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். "சேச்சி, நிங்ஙளெ சினிமாயில் கண்டு. வல்ய முகம்." படத்தில் பார்த்தானாம், பெரிய முகமாம்.

அம்மா குடத்தைக் குழாயடியிலிருந்து எடுக்காமல் நின்றாள். தண்ணீர் நிரம்பி வழிந்தது. "நான் என்ன பேசுறேன் அதுல?" என்றாள்.

"ஆர்க்கறியாம்? ஞான் புறத்து பீடி வலிச்சு நில்க்கயாயிருந்நு. கேறியப்போ தீர்ந்நு போயி." யாருக்குத் தெரியும் என்கிறான். அவனும் வெளியே பீடி குடித்துக்கொண்டிருந்திருக்கிறான். உள்ளே போகும்போது அம்மா முகம் வந்து மறைவதை மட்டும் பார்த்திருக்கிறான்.

பின்னால் நின்றவர்கள் குடத்தை எடுக்கச் சொல்லிக் கத்தினார்கள். பெரியம்மாதான் எடுத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாட்டினிக்குப் போவது என்று பெரியம்மா முடிவு செய்தாள். அம்மா தலைவலி என்றாள். பெரியம்மா விடவில்லை. "உன் மூஞ்சிய நீ பாக்காம யாரு பாக்குறது? உன் வீட்டுக்காரன் அங்க பாத்திருப்பான். ஆனா அவன் என்னைக்கு மெயின் படத்துக்கு முன்னாடி உள்ள போனான்?" என்று சிரித்தாள். கேலிக்குத்தான் சொன்னாள். அம்மா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது அவளுக்கு அதுவரை தோன்றவே இல்லை போலிருக்கிறது. அப்புறம் எழுந்து தலை சீவினாள். தான் போகாமல் இருந்தால் அக்கா தனியாகப் போய்க் கேட்பாள். போனால் பக்கத்திலாவது இருக்கலாம். வேறு எதற்கு அவள் கிளம்பியிருப்பாள்? நான் வழி முழுக்கக் குதித்துக்கொண்டு போனேன்.

பெண்கள் பக்கம் முன் பெஞ்சில் இடம் கிடைத்தது. ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் பெரியம்மா, நடுவில் நான். ஈரக்குடைகளின் வாடையும் பீடி வாடையும். விளக்கு அணைந்தது. தோணி வந்தது, படகுத்துறை வந்தது, சாக்குகள் வந்தன. குஜராத்திக் கடை வந்ததும் பின்னால் யாரோ தன் மாமன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அம்மா என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். வலிக்கிற அளவுக்குப் பிடித்தாள். கொங்கணிகள், யூதத் தெரு, ஜன்னலில் அந்த அம்மாள்.

அப்புறம் எங்கள் கதவு. சுண்ணாம்பு உதிர்ந்த எங்கள் சுவர். அம்மா.

அவ்வளவு பெரிய அம்மாவை நான் பார்த்ததில்லை. அவள் வாய் திறந்தது. வீணைச் சத்தம் வந்தது. அம்மாவின் உதடு அசைய அசைய வீணை வாசித்தது. அதற்கு மேல் ஒரு ஆண் குரல், நல்ல கனமான மலையாளத்தில், தமிழ் நாட்டிலிருந்து வந்த இந்தத் தாய் ஓய்வு நேரத்தில் மகளுக்குச் சொந்த ஊரின் கதைகளைச் சொல்லித் தருகிறாள், இங்கே இவர்கள் சந்தோஷமாக வாழ்கிறார்கள் என்றது. அவர்கள் கொண்டு வந்த பெட்டி முகத்தை மட்டும்தான் பிடிக்கும். குரலைப் பிடிக்க வேறு பெட்டி வேண்டும். அதை அவர்கள் மட்டாஞ்சேரிக்குக் கொண்டு வரவே இல்லை. இது எனக்குத் தெரிய வந்தது பல வருஷம் கழித்து.

என் முழங்காலில் இருந்த கை தளர்ந்தது. அம்மா நீளமாக மூச்சு விட்டாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். குரலைத் திருடிவிட்டார்கள். அப்பாவுக்கு எப்படிக் கேட்கும்? யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்? அந்தப் பேச்சு தெரிந்த ஒரே ஆள் நான்.

பெஞ்சின் மேல் ஏறி நின்றேன். "ஏங்க, நான்தான். தெரியுதா?" என்று ஆரம்பித்தேன். அம்மாவின் குரலிலேயே சொன்னேன். பழகிப் பழகி அது நன்றாக வந்தது. சிரிப்பு எழுந்தது. "மிண்டாதிரி மோளே," என்று யாரோ பேசாமல் இருக்கச் சொன்னார்கள். முன்பல் விழுந்ததைச் சொன்னபோது எனக்குப் பல் இல்லாததைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள். அதற்குள் திரையில் எங்கள் வீடு போய்விட்டது. பள்ளிப் பிள்ளைகள் கொடி பிடித்து நடந்துகொண்டிருந்தார்கள். நான் நிறுத்தவில்லை. ஓடு உடைந்ததைச் சொன்னேன். அம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். நான் அவள் கையைத் தட்டிவிட்டு இன்னும் உரக்கச் சொன்னேன்.

"புள்ளை பொறக்கையில பக்கத்துல இருப்பேன்னு சொன்னீங்க. அது போயிருச்சுங்க. மூணாம் மாசமே போயிருச்சு. பாண்டிகசாலையில வச்சுத்தான். யாருக்கும் சொல்லல. அக்காவுக்குக்கூட..."

அம்மாவின் கை என் வாயை அடைத்தது. சுக்கு வாசம் அடிக்கிற கை. மூச்சு முட்டியது. கடித்தேன். அவள் எடுக்கவில்லை.

சிரிப்பு நின்றிருந்தது. எங்கள் பக்கத்துப் பெஞ்சுகளில் ஒருத்தி உச்சுக்கொட்டினாள். பெரியம்மா அசையாமல் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கொடி பிடித்த பிள்ளைகளின் வெளிச்சம் அவள் முகத்தில் போய்வந்துகொண்டிருந்தது. பிறகு என்னைத் தூக்கி ஓரத்தில் உட்கார வைத்துவிட்டு, என் இடத்துக்கு நகர்ந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மாவின் தோளைப் பிடித்து எழுப்பினாள். இருவரும் வெளியே போனார்கள். "நீ இரு," என்று மட்டும் பெரியம்மா என்னிடம் சொன்னாள்.

மணி அடித்தது. பீடி குடித்தவர்கள் இடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். மெயின் படம் முழுவதையும் நான் தனியாகப் பார்த்தேன். பக்கத்தில் இரண்டு பேர் இடமும் காலியாக இருந்தது. சண்டை வந்தது, பாட்டு வந்தது. ஒன்றும் மனசில் ஏறவில்லை. இவ்வளவு நல்ல படத்தைப் பார்க்காமல் வெளியே என்ன செய்கிறார்கள் என்று எரிச்சலாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. இடைவேளைக்கு விளக்குப் போட்டார்கள். அவர்கள் வரவில்லை.

படம் விட்டு வெளியே வந்தபோது டிக்கெட் கொடுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் சுவரோரம் இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா பேசிக்கொண்டிருந்தாள். நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தாள். பெரியம்மா அவள் கையை மடியில் வைத்து, நான் கடித்த இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பெரியம்மாவின் கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அம்மா பேச்சை நிறுத்திவிட்டாள். எப்போதும் எனக்கு மட்டும்தான் அந்தப் பேச்சு நின்றுபோகும்.

சுள்ளிக்கல் பக்கம் போகிற கூட்டம் எங்களைத் தாண்டிப் போனது. சிலர் திரும்பி அம்மாவைப் பார்த்தார்கள். படத்தில் வந்தவள் என்று பார்க்கிறார்கள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அம்மா தலையைக் குனியவில்லை. பெரியம்மா அவள் கையை விடாமல் நடந்தாள். நான் பின்னால் நடந்தேன்.

எனக்கு ஒரே கவலைதான். பம்பாயிலும் இந்தப் படம் இப்படித்தான் ஊமையாக ஓடும். அங்கே எழுந்து நின்று சொல்ல யார் இருக்கிறார்கள்? கொஞ்ச தூரம் போனதும் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

"அம்மா, என்னை பம்பாய்க்கு அனுப்புங்க. நான் அங்கயும் சொல்லிட்டு வாரேன். இப்ப பாதியிலதான நிறுத்துனீங்க. அப்பாவக் கூப்பிடுற இடம் வரவே இல்ல."

பெரியம்மா என்னைத் திட்ட வாயைத் திறந்தாள். அம்மா தடுத்தாள். அவள் குரல் கரகரத்திருந்தது, ஆனால் கோபம் இல்லை.

"வேண்டாம். சொல்லியாச்சுல்லா. போதும்."

யாருக்குச் சொல்லியாயிற்று என்று எனக்குப் புரியவில்லை. இடைவேளையில் விளக்குப் போட்டபோது, ஆண்கள் பக்கம் ஒவ்வொரு பெஞ்சாக நான் பார்த்திருந்தேன். அப்பா அங்கே இல்லை.